வேலைக்கு வராதவர் பெயரை அடித்துவிடலாமா? முதலாளிகளின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ஆள் வைத்து வேலை வாங்குபவர்களிடமிருந்து வந்தவை. பெரிய நிறுவனங்களுக்கு ஹெச்.ஆர். பிரிவு, வக்கீல் எல்லாம் இருப்பார்கள். பத்து, இருபது, எழுபது பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், பிரச்சினை வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பட்டறையில் 9 வருடமாக வேலை பார்த்த மெஷின் ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று வாரம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிட்டேன். பிறகு திடீரென்று வந்து நின்றார், உள்ளே விடவில்லை. இப்போது லேபர் ஆபீஸிலிருந்து சமரசப் பேச்சுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "அவராகவேதான் வேலையை விட்டுப் போனார்" என்று சொன்னால் போதாதா?
- பட்டறை உரிமையாளர்

போதாது. நீங்கள் ஒருவர் மட்டுமல்ல, நிறைய முதலாளிகள் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் வழக்கில் தோற்கிறார்கள்.

ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பது ஒன்று, வேலையே வேண்டாம் என்று முடிவு செய்து போவது வேறொன்று. இரண்டாவதுதான் நடந்தது என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், விசாரணை வைக்காமல் அதை நிரூபிக்கவே முடியாது. 1982-லேயே, ராபர்ட் டிசூசா என்ற ரயில்வே தொழிலாளியின் வழக்கில், வரவில்லை என்பதற்காகப் பெயரை நீக்குவதும் ஆட்குறைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்குறைப்பு என்று வந்துவிட்டால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு என்று வரிசையாக வரும், அதைக் கொடுக்காமல் அனுப்பியிருந்தால் அனுப்பியதே செல்லாது. 1993-ல் வந்த டி.கே. யாதவ் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தக் கம்பெனியின் நிலையாணையிலேயே (வேலை விதிகளிலேயே) "8 நாட்களுக்கு மேல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும்" என்று எழுதியிருந்தது. அப்படி எழுதி வைத்திருந்தும், ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்காமல் விட்டது தப்பு என்று நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. உங்களிடம் அப்படி எழுதிய விதிகூட இல்லை.

இப்போது என்ன செய்வது? சமரசப் பேச்சுக்குக் கட்டாயம் போங்கள், வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் போகாமல் இருந்துவிடாதீர்கள். முதல் நாளே "வந்து வேலையில் சேரட்டும், வராத நாட்களுக்கு விளக்கம் எழுதித் தரட்டும், நடவடிக்கை எடுக்கும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவர் சேர்ந்தால் விசாரணை நடத்துங்கள். சேராவிட்டால், வேலை கொடுக்க நீங்கள் தயாராக இருந்ததற்கு அந்தக் கடிதமே சாட்சி. இதில் தள்ளிப்போடப் போட உங்களுக்குத்தான் நஷ்டம். தவறாக வேலை நீக்கம் செய்யப்பட்டவருக்கு முழுப் பின்சம்பளத்துடன் வேலை தருவதுதான் பொதுவான விதி என்று தீபாலி சர்வாசே வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு நான்கு வருடம் நடந்தால் நான்கு வருடச் சம்பளம், அதுவும் வேலை வாங்காமலே.

அவரைத் திரும்ப எடுக்கவே மனமில்லை என்றால் தொகை பேசி முடித்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தத்தைச் சமரச அதிகாரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளைத்தாளில் முன்கூட்டியே வாங்கி வைத்த கையெழுத்து, பின்தேதி போட்ட ராஜினாமா, இதையெல்லாம் யாராவது யோசனையாகச் சொன்னால் அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வரும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இதே நிலையில் இன்னும் பெயரை அடிக்காதவர்கள் செய்ய வேண்டியது சுலபம். ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழில், நான்கே வரி போதும். "6-ஆம் தேதி முதல் முன் அனுமதி இல்லாமல் நீங்கள் வேலைக்கு வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் வேலையில் சேருங்கள், அல்லது வராததற்கான காரணத்தை எழுதி அனுப்புங்கள்." அவ்வளவுதான், மிரட்டல் வேண்டாம். உங்களிடம் இருக்கும் எல்லா முகவரிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். "கதவு பூட்டியிருந்தது" என்று தபால்காரர் எழுதிக் கவர் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள், லேபர் கோர்ட்டில் பிரிக்காத கவருக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அப்புறம் உள்விசாரணை. விசாரிப்பவர் புகார் கொடுத்த சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. சாட்சிகளைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் வராமல் ஒருதலைப்பட்சமாக நடத்த வேண்டி வந்தாலும் ஒவ்வொரு தேதிக்கும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். தண்டனை கொடுப்பதற்கு முன் விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து அவர் கருத்தைக் கேட்க வேண்டும், இதை கருணாகர் வழக்கில் 1993-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டுத்தான் பாதி முதலாளிகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பட்டறை இல்லை, கடைதான் என்பவர்களும் தப்ப முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-ஆவது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நிறுத்த முடியாது. நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால் ஒழுங்கீனத்தை விசாரணை வைத்து நிரூபித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு டிசைனர் 60 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் ராஜினாமா மெயில் போட்டுவிட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேர மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். கேஸ் போடலாமா?
- விளம்பர நிறுவனம் நடத்துபவர்

முதலில் சர்டிஃபிகேட்டைத் திருப்பிக் கொடுங்கள், இன்றைக்கே. அது அவருடைய சொத்து, அதைப் பிணையாக வைத்திருப்பது உங்கள் தரப்பில் இருக்கும் நியாயத்தையும் கெடுக்கும். நேர்முகத் தேர்வில் ஒரிஜினலைப் பார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ஒருவரை நீக்கினாலும் சரி, அவரே ராஜினாமா செய்தாலும் சரி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். "45 நாள் கழித்து ஃபுல் அண்டு ஃபைனல்" என்ற பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுக்காத நாட்களுக்கான தொகை பற்றி அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதியிருந்தால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, செட்டில்மென்ட் கணக்கில் தனி வரியாகக் காட்டிக் கேளுங்கள். கோபத்தில் மொத்தச் சம்பளத்தையும் நிறுத்தி வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, வேலையில் இருக்கும் வரைதான் செல்லும். வேலையை விட்ட பிறகு ஒருவர் எங்கே பிழைக்கலாம் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-ஆவது பிரிவு அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்கிறது. அதே நேரம் குறைந்தபட்ச சேவைக்கால பாண்ட் வேறு விஷயம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம், மூன்று வருடம் முடிக்காமல் போனால் 2 லட்சம் ரூபாய் என்ற பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே வங்கி அகில இந்தியத் தேர்வு நடத்தி ஆள் எடுத்த செலவு இருந்தது, அதிகாரிகளுக்கான சம்பளமும் இருந்தது. பயிற்சிக்கோ ஆள் எடுப்பதற்கோ நீங்கள் உண்மையாகவே செலவழித்திருந்தால், அதற்கு ஏற்ற தொகையை பாண்டில் போடுங்கள். 18,000 ரூபாய் சம்பளக்காரரிடம் 5 லட்சத்துக்கு எழுதி வாங்குவது வெறும் பயமுறுத்தல், கோர்ட்டில் நிற்காது.

உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையோ டிசைன் ஃபைல்களையோ அவர் எடுத்துப் போயிருந்தால் அது வேறு கதை, அதற்கு வழக்குப் போடலாம். அப்படி ஏதும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கேஸ் நடத்தும் நேரத்தில் இன்னொரு டிசைனரைத் தயார் செய்துவிடலாம்.

கேள்வி: 12 பேர் வேலை பார்க்கும் அலுவலகம். சேல்ஸ் மேனேஜர் தப்பான மெசேஜ் அனுப்புவதாக ஒரு பெண் ஊழியர் என்னிடம் சொன்னார். "எழுதித் தர மாட்டேன், நீங்களே கூப்பிட்டுக் கண்டித்துவிடுங்கள்" என்கிறார். அந்த மேனேஜர்தான் எங்கள் விற்பனையில் பாதியைக் கொண்டுவருபவர். என்ன செய்வது?
- விநியோக நிறுவன உரிமையாளர்

அவர் எவ்வளவு விற்கிறார் என்பதை இந்த விஷயத்தில் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அந்தப் பெண் உங்களிடம் வந்து வாய் திறந்து சொல்வதற்கு முன் எத்தனை நாள் யோசித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன்படி உள்ளகப் புகார் குழு கட்டாயம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் இன்னும் அமைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தலைவராக மூத்த பெண் ஊழியர், ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து பெண்கள் நலனில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ இந்த விஷயம் தெரிந்தவரோ ஒருவர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். எழுத்தில் ஆர்டர் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். குழு அமைக்காமல் இருப்பதற்கே 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 10 பேருக்குக் கீழே உள்ள இடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம்.

எழுதித் தர மாட்டேன் என்கிறார் என்றால் பெரும்பாலும் எழுதினால் வேலை போய்விடுமோ, விஷயம் பரவிவிடுமோ என்ற பயம்தான். சட்டப்படி புகார் எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இதையெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அந்த மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். விசாரணை நடக்கும்போது அவர் எழுதிக் கேட்டால், குழுவின் பரிந்துரையின் பேரில் மூன்று மாதம் வரை தனி விடுப்பு தரலாம், இருவரில் ஒருவரை இடம் மாற்றலாம். அந்தப் பெண்ணைத் தூக்கி வேறு இடத்தில் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள், பாதிக்கப்பட்டவருக்கே தண்டனை கொடுத்தது போலாகிவிடும்.

நீங்களே கூப்பிட்டுப் பேசி முடிக்கலாமா? சமரசம் வேண்டுமென்று அந்தப் பெண் கேட்டால் மட்டும், அதுவும் குழு மூலமாகத்தான். பணம் கொடுத்து முடிப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. விசாரணையை 90 நாளில் முடித்து, அடுத்த 10 நாளில் அறிக்கை, அதன் மேல் 60 நாளுக்குள் உங்கள் நடவடிக்கை. பெயர், முகவரி, நடந்தது எதுவும் வெளியே போகக் கூடாது, டீ குடிக்கும் இடத்தில் நண்பரிடம் சொல்வதும் இதில் அடங்கும்.

புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. இதையும் சட்டமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது, உங்கள் மேனேஜருக்கும் குழுவுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பேசிக் குறைவாகவும் அலவன்ஸ் அதிகமாகவும் போட்டுத்தான் எங்கள் ஆடிட்டர் சம்பளம் பிரித்திருக்கிறார். புதுச் சட்டத்தில் அது செல்லாது என்கிறார்களே?
- உதிரிபாகத் தயாரிப்பாளர்

பிரிப்பது குற்றமில்லை, ஆனால் பிரித்ததால் கிடைத்த லாபம் இனி கிடைக்காது. ஊதியக் கணக்கிலிருந்து விலக்கு பெறும் அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை "ஊதியம்" என்ற கணக்கில் திரும்பச் சேர்ந்துவிடும்.

ஒருவருக்கு மாதம் 30,000 என்று வையுங்கள். பேசிக் 9,000, மற்றதெல்லாம் அலவன்ஸ் 21,000. பாதி என்பது 15,000, அதைத் தாண்டிய 6,000 பேசிக்கோடு சேரும், ஆக ஊதியம் 15,000. பி.எஃப். 12 சதவீதம் 1,080-லிருந்து 1,800 ஆகிவிடும். கிராஜுவிட்டியில் வித்தியாசம் இன்னும் பெரிது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு, பத்து வருடம் வேலை பார்த்தவருக்குப் பழைய பேசிக்கில் சுமார் 51,900 வந்தது, இப்போது சுமார் 86,500. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உண்மையில் இது திடீரென்று வந்ததும் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் ஸ்பெஷல் அலவன்ஸுக்கும் பி.எஃப். கட்ட வேண்டும் என்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் 2019-லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

கேள்வி: கையில் பணம் இல்லாததால் தொழிலாளர்களிடம் பிடித்த பி.எஃப். பணத்தை இரண்டு மாதமாகக் கட்டவில்லை. வட்டியோடு கட்டிவிட்டால் சரியாகிவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாதவர்

உடனே கட்டுங்கள், கடன் வாங்கியாவது கட்டுங்கள். நீங்கள் போடும் பங்கு தாமதமானால் வட்டி, அபராதத்தோடு போகும். அவர்கள் சம்பளத்திலிருந்து பிடித்தது அவர்கள் பணம், அதைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி, போலீஸ் வழக்கு வரை போகும். வருமான வரியிலும் அடி விழலாம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டாத தொழிலாளர் பங்கைச் செலவாகக் காட்டவே முடியாது, ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குள் கட்டியிருந்தாலும் முடியாது என்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபரில், அப்போதிருந்த வருமான வரிச் சட்டப்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. 

கேள்வி: ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்த இன்ஜினீயர், சம்பளம் 28,000. ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது மகப்பேறு விடுப்பு கேட்கிறார். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்தால் போதுமா? நாங்கள் 14 பேர்.
- கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் பங்குதாரர்

26 வாரமும் கொடுக்க வேண்டும். டெல்லியில் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் இருந்த டாக்டர் கபிதா யாதவுக்கும் இதேதான் நடந்தது, ஒப்பந்தம் முடியும் வரையிலான 11 நாளுக்கு மட்டும் தருகிறோம் என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் மகப்பேறுப் பலன் அதைத் தாண்டியும் தொடரும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அவர் சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனே கொடுத்திருக்கும். 28,000 என்பதால் உங்கள் பொறுப்பு. சின்ன நிறுவனத்துக்கு இது பாரம்தான், மறுக்கவில்லை, ஆனால் அதற்காகப் பெண்களையே எடுப்பதில்லை என்று முடிவு செய்யும் நிறுவனங்களைப் பார்க்கிறேன், அது சட்டத்துக்கும் விரோதம், உங்களுக்கு வரக்கூடிய திறமையான ஆட்களையும் நீங்களே இழக்கிறீர்கள்.

கேள்வி: 70 பேர் உள்ள தொழிற்சாலை. சிலரை மூன்று வருடமாக "டிரெய்னி" என்றே வைத்திருக்கிறோம். பிரச்சினை வருமா?
- மேலாளர்

வரும். தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடத்து நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. அப்ரன்டிஸ் சட்டப்படி பதிவு செய்த பயிற்சியாளர் வேறு, உற்பத்தியில் முழு ஆளாக நின்றுகொண்டு பெயருக்கு டிரெய்னியாக இருப்பவர் வேறு. ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் அவர் பெயர் இருக்கிறதா, தனியாக மெஷின் ஓட்டுகிறாரா என்றுதான் கோர்ட் பார்க்கும். மூன்று வருடம் ஆனவர்களுக்கு நிரந்தரப் பணி ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருக்கிறோம். ஒரு ஊழியர் இது சட்டவிரோதம் என்கிறார். உண்மையா?
- ஜவுளிக்கடை நிர்வாகி

உண்மை. உட்காரும் உரிமையைக் கேரளம் 2018-ல் கொண்டுவந்தது, தமிழ்நாடு 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலையினூடே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டது. நாள் முழுக்க நிற்பவரின் கால் நரம்பு என்னவாகும் என்பதைச் சொல்ல டாக்டர் வேண்டாம், கடை மூடும் நேரத்தில் அவர்கள் படி இறங்குவதைப் பார்த்தாலே தெரியும். அந்த நோட்டீஸை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு ஸ்டூல் போடுங்கள்.